மூன்றாம் காட்சியில் ஒரு தம்ளர் தண்ணீர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரு தம்ளர் தண்ணீரை மட்டும்தான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

ஒரு நாடக விழாவின் கடைசி நாள் அது. பெண்கள் மேடையேறுவதே ஊர்ப்பேச்சாக இருந்த காலத்தில் தானே எழுதி, தானே நடித்து, தானே குழு நடத்திய ஒரு நாடகாசிரியையின் நினைவாக வாரம் முழுக்க அவருடைய நாடகங்களைப் போட்டார்கள். அரங்கின் முன்கூடத்தில் அவருடைய மூக்குக் கண்ணாடியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்குக் கண்ணாடி. உயிரோடு இருந்தால் சிரித்திருப்பார்.

கடைசி நாடகம்தான் அவருடைய பேர்போன நாடகம். மேடையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மேசை மேல் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர். முதல் காட்சி முடிந்தது, இரண்டாம் காட்சி முடிந்தது, அந்தத் தண்ணீரை யாரும் தொடவில்லை. வீட்டுக்கு ஆள் வருகிறார்கள், போகிறார்கள், அழுகிறார்கள், கத்துகிறார்கள். தண்ணீர் அப்படியே இருக்கிறது. எனக்கு நாடகம் பின்னால் போய், தம்ளர் முன்னால் வந்துவிட்டது.

இடைவேளையில் பக்கத்து இருக்கைப் பெரியவரிடம் கேட்டேன். "அந்தத் தண்ணி எதுக்குங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணி எதுக்குங்க இருக்கும்? குடிக்கத்தான்."

மூன்றாம் காட்சி தொடங்கியதும் நான் வெளியே போகவேண்டி வந்தது. (ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போது சொன்னால் கதை அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.) திரும்பி வந்தபோது நாடகம் முடிந்து மேசையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தம்ளரை மட்டும் ஒரு பெண் தனியாக, இரண்டு கையாலும் பொத்தி எடுத்துப் போனாள். தண்ணீர் இருந்ததா, இல்லையா? அவள் விரல்கள் மறைத்துவிட்டன.

அதுதான் இந்தக் கதைக்கு வித்து. நாலு பேரிடம் விசாரித்திருந்தால் பதில் கிடைத்திருக்கும். ஆனால் பதில் கிடைத்த கேள்வியை யாராவது கதையாக எழுதுவார்களா?

2

தொடக்கங்கள் சில:

[தாகம் என்பது மனித குலத்தின் ஆதி—] வேண்டாம். கொட்டாவி வருகிறது.

[திரை விலகியது. இருளில் ஒரு தம்ளர் மின்னியது, ஒரு கண்ணீர்த் துளியைப் போல—] தம்ளர் தம்ளரைப் போலத்தான் மின்னியது. அதை விட்டுவிடலாம்.

[அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.]

இது பரவாயில்லை. யாருக்கு, ஏன், எப்போது என்று எனக்கே கேட்கத் தோன்றுகிறது. எழுதுகிறவனுக்கே தோன்றினால் வாசிக்கிறவருக்கும் தோன்றும் என்ற நம்பிக்கையில், தினமும் எழுத உட்காருமுன் செய்கிற சிறு பிரார்த்தனையையும் செய்துவிட்டுத் தொடங்குகிறேன்.

3

அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஒத்திகை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் காட்சி. வீட்டை விற்க வந்திருக்கும் மகன் முதுகைக் காட்டி நிற்கிறான். தாய் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பேசுகிறாள். நீளமான பேச்சு. அந்த நாடகத்தின் உயிரே அதுதான். பாதியில் அவளுடைய நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டி, சொல் வராமல் காற்று மட்டும் வந்தது. போன ஒத்திகையிலும் இதே இடம், இதே கதை.

அவள் பகலில் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்க வருகிறவர்களிடம், "வாய் கொஞ்சம் உலரும், அடிக்கடி தண்ணி குடிங்க" என்று சொல்லிச் சொல்லி அது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. போன மாதம் அதே மாத்திரையை அவளுக்கே எழுதிக் கொடுத்தார் மருத்துவர். ஊருக்குச் சொன்ன வைத்தியம் இப்போது அவள் வாய்க்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். எதிரே, கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறது. வாய்க்கு எட்டவில்லை.

இந்தத் தாய் வேடத்துக்கு அவள் காத்திருந்தது கொஞ்ச நஞ்சக் காலமில்லை. இளவயதில் இதே நாடகத்தில் பக்கத்து வீட்டுக்காரியாக, ஒரு வாளித் துணியோடு வந்து மூன்று வாக்கியம் பேசிவிட்டுப் போவாள். ஒருநாள் காட்சி முடிந்ததும் நாடகாசிரியை டோப்பாவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உனக்குக் கொஞ்சம் வயசாகட்டும்டி. இந்த அம்மா உனக்குத்தான்." தலை சீக்கிரம் நரைக்கட்டும் என்று கடவுளிடம் வேண்டிக்கொண்ட பெண் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வேண்டுதல் பலித்துவிட்டது. வேடமும் வந்துவிட்டது. இப்போது நாக்கு மக்கர் செய்கிறது.

"தம்பி," என்றாள் இயக்குநரிடம். "ஒரே ஒரு வாய். பேச்சுக்கு நடுவுல எடுத்துக் குடிச்சிட்டு வெச்சுடறேன். பொருத்தமாத்தான் இருக்கும்."

இயக்குநர் கையிலிருந்த பேனாவை மூடினார். "அக்கா, என்ன பேசறீங்க? நாடகம் தொடங்கின நாள்லேர்ந்து அந்தத் தண்ணிய யாரும் தொட்டதில்ல."

"குடிக்கக் கூடாதுன்னு அம்மா எழுதியிருக்காங்களா?"

"எழுதல. எழுதணுமா? மீசைய எடுக்காதேன்னு பூனைக்கு யாராவது எழுதி வெச்சிருக்காங்களா?"

மகனாக நடிப்பவன் சிரித்தான். எந்நேரமும் ஒப்பனை அறைக் கண்ணாடி முன்னால் நிற்பதால் குழுவில் அவனுக்குக் கண்ணாடி என்றே பெயர். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். நம்ம அம்மாவுக்கு நாக்கு கோணல் போல."

"உனக்கென்னப்பா," என்றாள் அவள். "முதுகக் காட்டிட்டு நிக்கிற வேஷம். முதுகுக்கு ஏது வசனம், ஏது வறட்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்தார். சிரித்து முடித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அக்கா, கோவிச்சுக்காதீங்க. கடைசி நாள் காட்சி உங்களுக்குத்தான். ஆனா அன்னைக்கும் இப்படி நின்னுட்டீங்கன்னா, வெளியூர்க் காட்சிக்கெல்லாம் உங்க அண்ணன் பொண்ணை ஏத்திடுவேன். அவளுக்கு வசனம் அத்தனையும் பாடம்."

அண்ணன் மகள் மேடை ஓரத்தில் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேடைச் சாமான்கள் அவள் பொறுப்பு. காதில் விழாதது போல இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

4

இந்த இயக்குநர்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

முதல் வரைவில் இவரைக் கொடுமைக்காரராக எழுதினேன். [இயக்குநர் மேசையில் ஓங்கிக் குத்தினார். தம்ளர் துள்ளியது. அவர் கண்கள் சிவந்—] எழுதும்போதே கை கூசியது. ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்காத ஆள் எப்படிப்பட்டவராக இருப்பார்? கெட்டவர் என்று சொல்லிவிட்டால் என் வேலை சுலபம். ஆனால் நான் வாழ்க்கையில் பார்த்தவரை, தண்ணீர் கொடுக்காதவர்களில் கெட்டவர்கள் கொஞ்சம்தான். வேறெதையோ காப்பாற்றிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

அதனால் யோசித்துப் பார்த்தேன். இவர் அந்த நாடகாசிரியையிடம் தொழில் கற்றவர். அவர் போன பிறகு இவர் கையில் மிஞ்சியது என்ன? மேசை எந்தப் பக்கம், கதவு எந்தப் பக்கம், விளக்கு எப்போது மங்க வேண்டும், தண்ணீர் எங்கே இருக்க வேண்டும். ஒன்றை மாற்றினால் அந்த அம்மாவில் ஒரு பங்கு குறைந்துபோகும் என்று பயப்படுகிறார். பக்தியும் பயமும் ஒரே வீட்டில் குடியிருப்பவை. தட்டும்போது எது வந்து கதவைத் திறக்கும் என்பது அந்தந்த நேரத்தைப் பொறுத்தது.*

* விழாக் கருத்தரங்கில் அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு பேராசிரியர் கட்டுரையே வாசித்தாராம். நிறைவேறாத ஆசையின் குறியீடு என்றாராம். இன்னொருவர் எழுந்து, இல்லை, அது பெற்றவளின் அன்பு, பிள்ளைகள் தொடாமல் விட்டது என்றாராம். இரண்டும் அழகாகத்தான் இருக்கிறது. நான் இருந்திருந்தால் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லியிருப்பேன். தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொண்டே பேசச் சொன்னால் யாருக்குத்தான் வாய் வறளாது?

5

கடைசி ஒத்திகைக்கு நாடகாசிரியையின் கணவர் வந்தார்.

(இவரை எங்கே பிடித்தேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் பக்கத்து இருக்கைப் பெரியவர்தான். அவருடைய தாடையையும், அந்த ஒரு பதிலையும் இரவல் வாங்கிக்கொண்டேன்.)

அவர் குழாய் வேலை செய்தவர். விழாவுக்கு அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். புகைப்படத்துக்காக மேடைக்குக் கூட்டிப் போனார்கள். படியேறியதில் மூச்சு வாங்கியது. தாயின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். எதிரே தம்ளர். எடுத்தார். குடித்தார்.

விளக்குப் பிடிக்கிறவர் ஏணியிலேயே நின்றுவிட்டார். கண்ணாடி கூடத் தன் முகத்தை மறந்தான்.

பெரியவர் முகத்தைச் சுளித்தார். "என்னப்பா இது? சோப்பு வாடை அடிக்குது." தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எறும்பு வேற. ரெண்டு."

"ஐயா..." இயக்குநருக்குக் குரல் உடைந்தது. "அந்தத் தண்ணிய யாரும் குடிக்கறதில்லீங்க."

"குடிச்சா தெரியுதே, ஏன் குடிக்கறதில்லன்னு!"

அவள்தான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்து அவர் அருகே உட்கார்ந்தாள். "ஐயா, இந்தத் தண்ணிய அம்மா எதுக்கு வெச்சாங்க?"

"அவ எங்க வெச்சா? நான்ல வெச்சேன். முதல்முதல்ல அவதானே நடிச்சா இந்த வேஷத்த? மேடையேறினா அவளுக்கு நாக்கு ஒட்டிக்கும். வீட்ல ஒத்திகை பாத்தப்பவே கவனிச்சேன். சரி, குழாய்க்காரன் பொண்டாட்டி தண்ணியில்லாம நின்னான்னு யாரும் சொல்லக் கூடாதுன்னு, திரை தூக்கறதுக்கு முன்னாடி ஓடிப்போய் வெச்சிட்டு வந்தேன்."

"அம்மா குடிச்சாங்களா?"

பெரியவர் யோசித்தார். "அன்னைக்குக் குடிக்கல. 'இருக்குன்னு தெரிஞ்சதுமே நாக்கு வழிக்கு வந்துடுச்சு'ன்னு சொன்னா. அப்புறம் தினமும் வெச்சேன்."

"அதுக்கப்புறம்? ஒரு நாளாவது?"

"யாருக்குமா ஞாபகம் இருக்கு? குடிச்சாலும் குடிச்சிருப்பா. தாகம் எடுத்தா குடிக்கறா, இல்லன்னா விட்டுட்டுப் போறா. அத ஒரு சங்கதின்னு எவன் பாத்துட்டிருந்தான்?"

இயக்குநர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "பாத்தீங்களா அக்கா, அம்மா குடிக்கல! இருக்குன்னு தெரிஞ்சதே போதும்னு சொல்லியிருக்காங்க. அதத்தான் நாமளும் செய்யறோம்."

அவளுக்கோ வேறொன்று புரிந்திருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்ட ஒருத்திக்காக வைத்த தண்ணீர் அது. அன்பாக ஆரம்பித்தது, யாரும் கவனிக்காத நேரத்தில், விதியாக ஆகிவிட்டது. வைத்த கை ஒன்றும் சொல்லவில்லை. பார்த்த கண்கள் சட்டம் போட்டுக்கொண்டன.

ஆனால் அவள் வாதாடவில்லை. ஒரே பேச்சைக் கேட்டு இரண்டு பேர் இரண்டு விதமாக நெஞ்சு நிறைந்து நிற்கும்போது, யார் சரி என்று யாரிடம் போய்க் கேட்பது?

(நான் பெரியவரிடம் கேட்கலாமே என்கிறீர்களா? கேட்டுப் பார்த்தேன். 'எனக்கு இன்னொரு தம்ளர் குடு முதல்ல, நல்ல தண்ணியா' என்றார். பாத்திரங்கள் இப்படித்தான்.)

6

ஒப்பனை அறைத் தொட்டியில் அண்ணன் மகள் அந்தத் தம்ளரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரும் குடிக்கப் போவதில்லை என்பதால் எத்தனையோ நாளாக யாரும் அதை ஒழுங்காகக் கழுவியதில்லை. குழாயில் பிடிப்பது, வைப்பது, காட்சி முடிந்ததும் செடிக்கு ஊற்றுவது. அவளும் அப்படித்தான் செய்துவந்தாள். அந்தப் பெரியவர் முகம் சுளித்ததிலிருந்து அவளுக்கு மனசு ஆறவில்லை.

அவள் உள்ளே வந்து கண்ணாடி முன் உட்கார்ந்தாள். மன்னிக்கவும், இரண்டு அவள் ஆகிவிட்டது. அத்தை உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, நாளைக்கு வீட்லேர்ந்து தண்ணி கொண்டாறேன். காய்ச்சி ஆறவெச்சு."

"எதுக்குடி? யாரும் குடிக்கப் போறதில்லையே."

"குடிக்காட்டிப் போகுது. குடிக்கற மாதிரி இருக்கணும்ல."

அத்தை கண்ணாடி வழியே அவளைப் பார்த்தாள். "நான் நாளைக்கு வாயத் தொறக்க முடியாம நின்னுட்டா, உனக்குத்தான்டி வேஷம்."

"தெரியும்."

"ஆசை இல்லையா?"

"ஏன் இல்லாம? தெனம் நாற்காலிய தொடைக்கறப்பவே மனசுக்குள்ள பேசித்தான் பாக்கறேன்." அவள் தம்ளரைத் துணியில் கவிழ்த்தாள். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதான் அத்தை. அதுக்காக உங்க வாய் வறண்டு என் வயிறு நெறையணுமா?"

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேனோ என்னவோ. நாடகாசிரியை பெரியவர்தான், பேராசிரியர்கள் ஆராயட்டும், விழா நடக்கட்டும். ஆனால் அவருடைய உண்மையான வாரிசு அந்த வாரம் முழுக்க மேடையில் இல்லை, தொட்டியடியில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத்

[இந்த இடத்தில் நிறுத்துகிறேன். இன்னும் ஒரு வரி போனால் பிரசங்கம் ஆகிவிடும். என் வீட்டில் ஏற்கெனவே அந்தப் புகார் இருக்கிறது.]

7

கடைசி நாள். அரங்கு நிறைந்திருக்கிறது. மேசை மேல் தம்ளர், காய்ச்சி ஆறிய தண்ணீர். மூன்றாம் காட்சியில் அதே இடம் வருகிறது. நாக்கு ஒட்டுகிறது. அவள் நிற்கிறாள்.

இனி முடிக்க வேண்டும். முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு. அவள் தம்ளரை எடுத்துக் குடிக்கிறாள். குரல் திரும்புகிறது. இதை எழுதியபோது எனக்கே கை தட்டத் தோன்றியது. ஆனால் திரை ஓரத்தில் நிற்கும் இயக்குநர் முகத்தைப் பார்த்துவிட்டேன். தன் ஆசிரியையை இரண்டாம் முறை இழந்தவரின் முகம். அவருக்கு ஆறுதலாக ஒரு வரி எழுதத் தெரியாமல் அந்த முடிவை ஓரமாக வைத்தேன்.

இரண்டாம் முடிவு. அவள் தண்ணீரைப் பார்க்கிறாள், அவ்வளவே. இருக்கிறது என்று தெரிந்ததும் நாக்கு வழிக்கு வருகிறது, அந்த அம்மாவுக்கு வந்தது போல. அழகான முடிவு. ஆனால் அந்த அம்மா மாத்திரை சாப்பிடவில்லை. தாகத்தோடு நிற்கிறவரிடம், பார், பார்த்தாலே போதும் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கடவுள்கூட அப்படிச் சொல்லமாட்டார் என்று நம்புகிறவன் நான்.

மூன்றாம் முடிவு. அந்தக் காட்சி முழுக்க முதுகைக் காட்டி நிற்க வேண்டிய கண்ணாடி, பின்னால் அமைதி நீளுவதைக் கேட்கிறான். அது நடிப்பில்லை என்று அவனுக்குத் தெரிகிறது. தன் முகத்தைத் தவிர வேறெதையும் பார்த்தறியாத பையன் திரும்புகிறான். தம்ளரை எடுத்து நீட்டுகிறான். நாடகத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சொல்கிறான்: "அம்மா, தண்ணி குடிம்மா."

இதில் எனக்கு ஆசை அதிகம். ஆசை அதிகம் என்பதாலேயே நம்பிக்கை குறைகிறது.

[நான்காம் முடிவு: இயக்குநரே ஓரத்திலிருந்து—]

8

இப்போது நான் வெளியே போன காரணம்.

மூன்றாம் காட்சி தொடங்கியதும் என் பக்கத்துப் பெரியவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சாதாரண இருமல் இல்லை, ஆளையே மடக்குகிற இருமல். முன் வரிசைக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள். அவர் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய, சத்தம் வராமல் இருமப் பார்த்தார். எழுந்து போகவும் அவரால் முடியவில்லை. நான் எழுந்து போனேன். நடைபாதைக் கோடியில் தண்ணீர் வைத்திருந்தார்கள். பிடித்துக்கொண்டு ஓடி வந்தால், கதவு சாத்தியிருந்தது. காட்சி நடக்கும்போது திறக்கமாட்டார்களாம்.

"உள்ள ஒருத்தர் இருமறாருங்க," என்றேன் கதவுக்காரரிடம்.

"சத்தமே கேக்கலையே சார்."

உண்மைதான். இருமல் கேட்கவில்லை. அந்தத் தாயின் பேச்சு மட்டும் கதவு வழியாகக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

கையில் தம்ளரோடு கதவுக்கு வெளியே நான் நிற்கிறேன். உள்ளே அமைதி. நடிப்புக்கு இத்தனை நீளம் வேண்டுமா என்று தோன்றுகிற அமைதி. கதவுக்காரர்கூட என்னைப் பார்த்தார். அவர் உதடு பிரிந்திருந்தது.

பிறகு குரல் வந்தது. அதே தாயின் குரல்தான். தெளிவாக, ஈரமாக, விட்ட இடத்திலிருந்து. கடைசிவரை நிற்கவே இல்லை. கை தட்டும் சத்தத்தில் கதவு அதிர்ந்தது.

ஆக, அவளுக்குக் குரல் திரும்பியது. இதை நான் உருவாக்கவில்லை, காதால் கேட்டேன். எப்படித் திரும்பியது என்பதுதான் எனக்குத் தெரியாது. பெரியவரிடம் கேட்டிருக்கலாம். நான் கொடுத்த தண்ணீரை அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் கேள்வி மறந்துபோயிற்று.

கதவுக்கு வெளியே நின்ற எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உள்ளே, மூன்றாம் வரிசையில், என் காலி இருக்கையில் இவ்வளவு நேரமும் நீங்கள்தான் உட்கார்ந்திருந்தீர்கள். மேடையும் தெரிந்திருக்கும். பக்கத்தில் இருமலை அடக்கிக்கொண்டிருந்தவரும் தெரிந்திருப்பார்.

தண்ணீர் நல்ல தண்ணீர். அதற்கு நான் பொறுப்பு. அந்த அமைதியில் தம்ளரை நோக்கி நீண்டது யாருடைய கை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.